மயாமி டிசைன் டிஸ்ட்ரிக்ட்: கேமராவோடு அரை நாள், எங்கிருந்து தொடங்கலாம்?

அட்லாண்டாவாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி நடுவில் குடும்பத்தோடு மயாமி போகிறோம். கடற்கரை, எவர்கிளேட்ஸ் எல்லாம் வீட்டில் முடிவாகிவிட்டது, எனக்கென்று அரை நாள் கிடைத்திருக்கிறது, அதை டிசைன் டிஸ்ட்ரிக்ட் என்ற கடைவீதி வட்டாரத்தில் செலவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கட்டடங்களைப் படம் எடுப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம், ஆனால் கட்டடக்கலை படித்தவன் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லோரும் அதே நீலக் கண்ணாடிச் சுவர், அதே வெள்ளை உருண்டை, அதற்கு முன்னால் சிரித்துக்கொண்டு ஓர் ஆள், இவ்வளவுதான் வருகிறது. அங்கே உண்மையில் என்ன இருக்கிறது, யார் செய்தது, எதை நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும்.

அப்புறம் சில நடைமுறைக் கேள்விகள். கைபேசியும் சின்ன மிரர்லெஸ் கேமராவும் இருக்கிறது, டிரைபாட் கொண்டு போகலாமா? காலை நல்லதா, மாலையா? விலை உயர்ந்த கடைகள் நிறைந்த இடம் என்கிறார்கள், எதுவும் வாங்காமல் சும்மா சுற்றினால் யாராவது ஏதாவது சொல்வார்களா? அம்மாவும் கூட வருகிறார், முழங்கால் வலி உண்டு, அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். வின்வுட் சுவரோவியங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாமா, இல்லை ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கட்டடப்பித்தன் எழுதியது:

வின்வுட்டை இந்த அரை நாளில் சேர்க்காதீர்கள், இரண்டையும் பாதி பாதி பார்த்தது போல ஆகிவிடும். அது சுவரில் வரைந்த கலை, இது கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய கலை, பார்க்கிற விதமே வேறு.

நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் ஒரு கார் நிறுத்துமிடம். மியூசியம் கராஜ் என்று பெயர், வடகிழக்கு 41-வது தெருவில் இருக்கிறது, 2018-ல் திறந்தார்கள். ஏழு மாடி, சுமார் 800 கார்கள் நிற்கும். டெரன்ஸ் ரைலி என்ற கட்டடக்கலைஞர்தான் இதற்கான யோசனையைக் கொண்டுவந்தவர், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், 2021-ல் காலமானார். நூறு வருஷத்துக்கு முன் சர்ரியலிஸ்ட் ஓவியர்கள், அதாவது கனவு மாதிரி விசித்திரமாக வரைந்தவர்கள், ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். தாளை மடித்து ஒருவர் தலை வரைவார், அடுத்தவர் அதைப் பார்க்காமலே உடம்பு வரைவார், இன்னொருவர் கால். ரைலி அதையே கட்டடத்தில் செய்து பார்த்தார். ஐந்து குழுக்களிடம் முகப்பில் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்து, பக்கத்துப் பகுதியில் என்ன வருகிறது என்று தெரியாமலே வடிவமைக்கச் சொன்னார். அந்த ஐந்தில் ஒன்று அவருடைய சொந்த அலுவலகம்.

பெர்லினின் ஜே. மேயர் எச். செய்த பகுதியில் பெரிய பெரிய புதிர்த் துண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு நிற்கும். ஸ்பெயினின் கிளாவெல் ஆர்கிடெக்டோஸ், தங்கமும் வெள்ளியுமாகப் பூசிய 45 கார் உடல்களைச் சுவரோடு செங்குத்தாக ஏற்றியிருக்கிறார்கள், நெரிசலில் மாட்டிய சாலையைத் தூக்கி நிறுத்தியது மாதிரி. நியூயார்க்கின் வொர்க் ஏசி துளையிட்ட உலோகத் தகட்டை வெட்டி, உள்ளே மனிதர்கள் ஏறி இறங்குவது எறும்புப் புற்றின் குறுக்குவெட்டு போலத் தெரியும்படி செய்தார்கள். நிக்கோலா புஃப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1990களின் வீடியோ கேம்களையும் பரோக் எனப்படும் பழைய ஐரோப்பிய ஆடம்பர அலங்காரத்தையும் கலந்து, நுழைவில் 23 அடி உயர உருவங்களைத் தூண்போல நிறுத்தியிருக்கிறார். நம் ஊர்க் கோபுரங்களில் தளத்தைத் தாங்குகிற பூதங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த உருவங்கள் சட்டென்று பிடித்துப்போகும். ரைலியின் கே/ஆர் அலுவலகம் சாலை வேலை நடக்கும் இடங்களில் வைக்கிற ஆரஞ்சு வெள்ளைத் தடுப்புகளின் வடிவத்தைச் சுவராக்கியது.

இங்கே எல்லோரும் செய்கிற ஒரு காரியம், தங்கக் கார்களை மட்டும் சட்டத்துக்குள் அடைத்து எடுத்துக்கொண்டு போவது. எதிர் நடைபாதைக்குப் போய், இரண்டு முகப்புகள் சந்திக்கிற இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் வரைந்த இரண்டு பேர் ஒரே சுவரில் முட்டிக்கொள்கிற அந்த விளிம்புதான் இந்தக் கட்டடத்தின் உயிர். அதைப் படத்தில் கொண்டுவந்தால்தான் கட்டடத்தை எடுத்ததாகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் நல்ல வேலைகள் பலவும் ஒரு பயன்பாட்டுக்காக நிற்கிறவை. நீங்கள் சொன்ன வெள்ளை உருண்டை பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் ஃப்ளைஸ் ஐ டோம், அதாவது ஈயின் கண் மாதிரியான குவிமாடம். குறைந்த பொருளில், தொழிற்சாலையில் வார்த்து, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் மாட்டக்கூடிய வீடு வேண்டும் என்று ஆயுசு முழுக்க உழைத்தவர் ஃபுல்லர், இதற்கு 1965-ல் காப்புரிமை வாங்கினார், 1983-ல் இறந்தார். பாம் கோர்ட் என்ற முற்றத்தில் நிற்கிறது 24 அடி அளவுள்ள வடிவம். அதற்குள் போய்ப் பாருங்கள், அது நிலத்தடிக் கார் நிறுத்தத்திலிருந்து மேலே ஏறிவரும் வழி. வெளியே நின்று எடுத்த படம் ஆயிரம் இருக்கிறது. கீழேயிருந்து ஏறி வரும்போது அந்த வட்டத் துளைகளில் வானமும் பனைமரமும் துண்டு துண்டாகத் தெரிவதை எடுங்கள், ஒரு மனிதரும் அதில் இருக்கட்டும், அப்போதுதான் அளவு புரியும்.

அதே முற்றத்தில் நீலக் கண்ணாடி முகப்பு ஜப்பானின் சோ ஃபுஜிமோட்டோ செய்தது. கண்ணாடி தனித்தனித் தகடுகளாக வரிசையாகத் தொங்கும், மழைத்தாரை போல. நேராக நின்றால் கோடுகள், பக்கவாட்டில் நடந்தால் முழு நீலம். பக்கத்திலேயே பெரிய நீலச் சிலை, வட்டக் கண்ணாடி போட்ட லெ கொர்பூசியே. பிரெஞ்சுச் சிற்பி ஸாவியே வேயான் செய்தது. லெ கொர்பூசியே என்றால் சண்டிகரை வடிவமைத்த அதே கட்டடக்கலைஞர்தான். நிறைய பேர் அது யார் என்று கேட்காமலே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாகவே இருக்கும்.

கிழக்கே வடகிழக்கு 2-வது அவென்யூவுக்கு வந்தால் ஒரு அரசுப் பள்ளி, டேஷ் என்பார்கள், கலையும் கட்டடக்கலையும் சொல்லித் தருகிற உயர்நிலைப் பள்ளி. அதன் வேலியை 2007-ல் மார்க் நியூசன் வடிவமைத்தார். செங்குத்தான உலோகத் தகடுகள், நடந்துகொண்டே பார்த்தால் அலை ஓடும். இதற்கு வீடியோதான் சரி. பள்ளிக்கூட வேலி ஒன்றுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் மூர் பில்டிங். அன்னாசித் தோட்டம் போட்டுப் பணம் சம்பாதித்த தியோடர் மூர் 1921-ல் மரச்சாமான் விற்கக் கட்டியது, இந்த வட்டாரம் முழுக்க மரச்சாமான் கடைகளாக மாறியதற்கு அதுதான் ஆரம்பம். நடுவில் நான்கு மாடி உயரத்துக்குத் திறந்த கூடம். 2005-ல் கட்டடக்கலைஞர் ஜஹா ஹதீத் அந்தக் கூடத்தின் குறுக்கே எலாஸ்டிகா என்ற வெள்ளை அமைப்பைச் செய்தார், ரப்பரை இழுத்து இந்த மாடியிலிருந்து எதிர்ப்பக்க மாடிக்கு ஒட்டவைத்தது போல இருக்கும். இப்போது அங்கே உணவகமும் உறுப்பினர்களுக்கான கிளப்பும் நடக்கிறது, எல்லா மாடிக்கும் போக முடியாது, தரைத்தளத்தில் கேட்டுப் பாருங்கள். தரையிலிருந்து நேர் மேலே பார்த்து எடுப்பதே போதும்.

வெளிச்சம் எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம். நான் வெளிச்சத்தைப் பற்றியும் அனுமதியைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

அந்த வட்டாரத்தில் எண் போட்ட தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடும், அவென்யூக்கள் வடக்கு தெற்காக. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே தெருக்களில் தெற்குப் பார்த்த முகப்புகளுக்குப் பகல் முழுக்க வெயில், வடக்குப் பார்த்தவை நிழல். அவென்யூக்களில் கிழக்குப் பார்த்த சுவர் காலையில் பளிச்சென்று இருக்கும், மேற்குப் பார்த்த சுவரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இதை முந்தின நாளே குறித்துக்கொண்டால் அங்கே போய் அலைய வேண்டாம். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஜூனில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும், முகப்புகளில் இருக்கிற மடிப்பெல்லாம் தட்டையாகிவிடும், பிற்பகல் மழை வேறு.

சிட்டி வியூ கராஜ் என்று இன்னொரு கார் நிறுத்தம் இருக்கிறது, நெடுஞ்சாலை ஐ-195 ஓரமாக, 2015-ல் வந்தது. ஒரு பக்கம் லியாங் லியாங் என்ற அலுவலகம் செய்த தங்க நிற உலோக முகப்பு, இன்னொரு பக்கம் இவமோட்டோ ஸ்காட் என்ற அலுவலகம் செய்த மடித்த அலுமினியத் தகடுகள், கூடவே கலைஞர் ஜான் பால்டெசாரியின் பிரம்மாண்டமான படங்கள். மடித்த தகடு என்றாலே தாழ்ந்த சாய்வு வெளிச்சம் வேண்டும், நண்பகலில் எடுத்தால் வெறும் தகரம். மாலையில் உள்ளே விளக்கு ஏறிய பிறகு, வானம் இன்னும் முழுதாக இருட்டாத இருபது முப்பது நிமிடம், அதுதான் துளையிட்ட முகப்புகளுக்கெல்லாம் பொற்காலம். காலை, மாலை என்று கேட்டீர்கள், ஒன்றுதான் முடியும் என்றால் மாலை மூன்று மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள்.

நீலக் கண்ணாடிக்கு போலரைசர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டித் திருகுகிற வடிகட்டி, உதவும், ஆனால் முழுவதும் திருகிவிடாதீர்கள், பிரதிபலிப்பு மொத்தமாகப் போனால் கண்ணாடியே செத்துவிடும். கைபேசியில் அகலக் கோணத்தில் அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் சாயும். முடிந்தவரை விலகி நின்று, எதிரே கராஜ் இருந்தால் அதன் இரண்டாவது மூன்றாவது மாடிக்கு ஏறி அங்கிருந்து நேராக எடுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கினதும் லென்ஸ் மூடுபனி பிடிக்கும், கேமராவைப் பையோடு சேர்த்து முன்கூட்டியே டிக்கியில் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

டிரைபாட் வேண்டாம். தெருக்கள் நகரத்துடையவை, ஆனால் பாம் கோர்ட் மாதிரி முற்றங்களும் கடைகளுக்கு நடுவே போகும் நடைவழிகளும் தனியாருக்குச் சொந்தம். கையில் பிடித்து எடுப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, டிரைபாடும் குடையும் விரித்தால் வணிகப் படப்பிடிப்பாக நினைத்து அனுமதி கேட்பார்கள். சட்டப்படி அமெரிக்காவில் பொது இடத்திலிருந்து தெரிகிற கட்டடத்தைப் படம் எடுக்கவும் வெளியிடவும் தடை இல்லை. சிற்பம், சுவரோவியம் அப்படி அல்ல, அவற்றின் உரிமை கலைஞருடையது. உங்கள் ஆல்பத்துக்கு எடுப்பது வேறு, நாளைக்கு அந்தப் படத்தை விற்கவோ விளம்பரத்தில் போடவோ நினைத்தால் அனுமதி வாங்க வேண்டும்.

இதை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது, படத்தைப் பகிரும்போது செய்தவர் பெயரை எழுதுங்கள். கடையின் பெயரை டேக் செய்கிறார்கள், உடைக்கு யார் என்று எழுதுகிறார்கள், பின்னால் நிற்கும் சுவரைச் செய்தவர் பெயர் மட்டும் இருக்காது. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

தெற்குஃப்ளோரிடா அக்கா எழுதியது:

தம்பி, அம்மாவைப் பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே, அதை முதலில் சொல்கிறேன். வட்டாரம் சின்னது, 38-வது தெருவிலிருந்து 42-வது தெரு வரை, குறுக்கே சில தெருக்கள், அவ்வளவுதான். தரை சமதளம். காரை மியூசியம் கராஜிலேயே விடுங்கள், பார்க்க வேண்டிய கட்டடத்திலேயே கார் நிற்கும், அம்மாவுக்கு நடை குறையும். எதிரிலேயே ஐசிஏ எனப்படும் சமகாலக் கலை அருங்காட்சியகம், நுழைவு இலவசம், உட்கார இடமும் கழிப்பறையும் குளிர்ச்சியும் உண்டு. 2017 டிசம்பரில் திறந்த கட்டடம், மாட்ரிட்டின் அரங்குரென் கயேகோஸ் வடிவமைத்தது, முகப்பு உலோக முக்கோணங்களால் ஆனது, பின்புறம் சிற்பத் தோட்டம் இருக்கிறது. திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். அம்மாவும் நீங்களும் அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அவர் பாம் கோர்ட்டில் நிழலில் உட்காரட்டும், நீங்கள் சுற்றி வாருங்கள். எதுவும் வாங்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாதிப் பேர் படம் எடுக்கத்தான் வருகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மேலே எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதைப் பொதுக்கலை என்று சொல்வதற்கே எனக்குத் தயக்கம். கிரெய்க் ராபின்ஸின் டாக்ரா நிறுவனம் 1990களில் இங்கே கட்டடங்களை வாங்கத் தொடங்கியது, பிறகு ஆடம்பரக் கடைகள் வந்தன. கலை இங்கே வந்தது அந்தத் திட்டத்தின் பகுதியாகத்தான். அழகாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதே 2-வது அவென்யூவில் வடக்கே ஒரு மைல் சொச்சம் போனால் லிட்டில் ஹெய்ட்டி, ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பகுதி. அங்கே 59-வது தெரு முனையில் கரீபியன் மார்க்கெட்பிளேஸ் என்ற கட்டடம், 1990-ல் ஹெய்ட்டியில் பிறந்த சார்லஸ் பாவ்லி வடிவமைத்தது, ஹெய்ட்டியின் தலைநகரமான போர்ட்-ஓ-பிரின்ஸின் இரும்புச் சந்தையை மனதில் வைத்துச் செய்தது. புலம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சந்தையை இன்னொரு நாட்டில் நிறம் மாறாமல் எழுப்பிக்கொண்டார்கள். கடல் மட்டம் உயர்கிற ஊரில் லிட்டில் ஹெய்ட்டி மேட்டு நிலம் என்பதால் இப்போது நிலத்துக்குப் போட்டி, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, பழைய குடும்பங்கள் வெளியேறுகின்றன. டிசைன் டிஸ்ட்ரிக்ட்டைப் பார்த்துவிட்டு அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினால் மயாமியின் கட்டடங்களைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டடப்பித்தன் எழுதியது:

அக்கா, லிட்டில் ஹெய்ட்டிக்குப் போக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை, நான் எழுதியிருக்க வேண்டியது, நன்றி. யார் பணம் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து வேலையை எடை போட என்னால் முடியாது. கார் நிறுத்துமிடம் என்றால் கான்கிரீட் அலமாரி என்று உலகம் முழுக்க விட்டுவிட்டார்கள். அமெரிக்க நகரங்களில் எத்தனை தெருக்களை அவை கொன்றிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதில் ஒன்றை எடுத்து, நடந்து போகிறவன் நின்று அண்ணாந்து பார்க்கும்படி செய்தது எனக்குப் பெரிய விஷயம். டிக்கெட் இல்லை, கதவு இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

தெற்குஃப்ளோரிடா அக்கா எழுதியது:

பள்ளிக்கூட வேலியைப் பொறுத்தவரை உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அது பிள்ளைகளுக்குச் சொந்தமானது. முற்றத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. இரவில் யார் அந்த பெஞ்சில் படுக்கலாம் என்பதை ஒரு நிறுவனம் தீர்மானிக்கிற இடத்தை நான் பொது இடம் என்று சொல்ல மாட்டேன்.

அட்லாண்டாவாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போதைய திட்டம் இதுதான்: வியாழக்கிழமை காலை கரீபியன் மார்க்கெட்பிளேஸ், மதியம் சாப்பிட்டுவிட்டு ஐசிஏ அம்மாவோடு, மூன்று மணிக்கு மேல் கராஜ்கள், பாம் கோர்ட், வேலி, இருட்டும்வரை. அரை நாளை முழு நாளாக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். காலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சினால் வழியில் வேறு ஏதாவது பார்க்கலாமா? டவுன்டவுனில் தங்குகிறோம், பிஸ்கேன் பூல்வார்டு வழியாகத்தான் வருவோம்.

வெளிச்சம் எழுதியது:

அந்த வழியென்றால் 2100 பிஸ்கேன் பூல்வார்டில் நிறுத்தாமல் போகாதீர்கள். ரம் மதுபானம் தயாரிக்கும் பக்கார்டி நிறுவனத்தின் பழைய அலுவலகம், இப்போது யங் ஆர்ட்ஸ் அறக்கட்டளையிடம் இருக்கிறது. கியூபாவிலிருந்து வெளியேறிய நிறுவனம் 1963-ல் கட்டிய கோபுரம், வடக்கு தெற்குச் சுவர்கள் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரம், பிரேசில் கலைஞர் பிரான்சிஸ்கோ ப்ரென்னாண்ட் செய்தது. பின்னால் 1970களில் சேர்த்த சின்னக் கட்டடம் இன்னும் விசேஷம், நடுவில் ஒரே தண்டில் நின்று நாலு பக்கமும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், சுவர்கள் எல்லாம் பிரான்சின் சார்த்ரில் செய்த தடித்த வண்ணக் கண்ணாடி. கோபுரத்தின் தெற்குச் சுவருக்குக் காலை பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில் இருக்கும். கண்ணாடிக் கட்டடம் மட்டும் பகலில் வெளியிலிருந்து கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், உள்ளே விளக்கு எரியும்போது பார்க்க வேண்டும். அதனால் டிசைன் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து இரவு திரும்பும்போது இன்னொரு தடவை வண்டியை ஓரம் கட்டுங்கள், அம்மா காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.